மாமன் கையால் ஒரு வாய்

ஜல்பாய்குரி
5 ஜூன் 1985

ஸ்ரீ துர்க்கை துணை

பூஜைக்குரிய ராங்காதா,

உனக்கும் என் அண்ணி பௌதிக்கும் என் நமஸ்காரங்கள். பௌதியின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, இனி துர்க்கை பூஜைக்கு முன்னால் இந்த வீட்டில் எந்தத் துணியும் முழுசாகக் காயாது.

முப்பத்தெட்டு வயதில் பிள்ளை பெற்றவள் எப்படி இருப்பாள் என்று என்னைப் பார்க்க வந்த தெரு, இப்போது ஜும்ஜுமியைப் பார்க்க வருகிறது. அவளோ வருகிறவர்களின் வாயைப் பார்க்கிறாள். நேற்று இவர் மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இவர் தாடை அசைய அசைய, என் மடியில் கிடந்தபடியே இவளும் பொக்கை வாயை அசைக்கிறாள். "உன் பொண்ணு கண்ணு வைக்கிறா, எனக்கு வயித்த வலிக்கும்" என்று இவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பிள்ளையிடம் பயம்.

விஷயம் இதுதான். ஜூன் 28 அன்னப்பிராசனம். மாமியார் பஞ்சாங்கத்தைப் பிரித்து ஐந்தாம் மாதத்தில் நாள் பார்த்துவிட்டார். முதல் வாய் தாய்மாமன் கையால்தான். "உங்க அண்ணா கை படாம என் பேத்தி வாயில ஒரு பருக்கை போகாது, பௌமா. இன்னிக்கே எழுது. இந்த வீட்டுல அவருக்கு இருக்கறது ஒரே ஒரு வேலை, அதையாவது வந்து பண்ணட்டும்" என்று மருமகளை விரட்டுகிறார்.

வெள்ளிக் கிண்ணம், பட்டுச் சட்டை எதுவும் வேண்டாம். கையை மட்டும் கொண்டு வா.

உன் ஆசியை நாடும்,
டெப்பி


கிருஷ்ணநகர்
19 ஜூன் 1985

அன்புள்ள டெப்பிக்கு,

உனக்கும், மாப்பிள்ளைக்கும், அந்தக் கண் வைக்கும் சீமாட்டிக்கும் என் ஆசிகள். உன் மாமியாருக்கு என் நமஸ்காரம். பயத்தோடு சேர்த்துச் சொல்.

பௌதியின் முழங்கால் நலம். அதற்கு மேலே இருக்கும் பௌதிதான் வலிக்கிறது, எனக்கு. நான் பிறந்தபோது செக்கச் சிவந்திருந்தேனாம், அதனால் பெரியம்மா ராங்கா என்று பெயர் வைத்தாளாம். இன்று காலை சவரக் கண்ணாடியில் பார்த்தேன். பருப்பு அடிப்பிடித்த சட்டி ஒன்று பார்த்துச் சிரித்தது. பெயரை மட்டும் ஒருவரும் திரும்ப வாங்கவில்லை.

தெருச் செய்தி: ஓய்வுபெற்ற நிகில் மாஸ்டர் அறுபது வயதில் ஆர்மோனியம் கற்கிறார். மோட்டார் ஆபீஸ் பக்கத்து நாய்கள் எல்லாம் எங்கள் தெருவுக்குக் குடிவந்துவிட்டன. என்ன கொடுமை என்றால், அவர் நிறுத்தினால் இவை ஆரம்பிக்கின்றன.

வீட்டைக் கேட்டால் முன்கட்டு ஒழுகுகிறது. அப்பாவின் கட்டில் மேலேயே சொட்டுகிறது. இருந்திருந்தால் குடை பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பார். ஸாதுகான் என்று ஒருவன் முன்கட்டை வாங்கி மிட்டாய்க் கடை போடுகிறேன் என்கிறான். எனக்கென்ன ஆசையா? பௌதிதான். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டதால் உனக்கும் பாதி இருக்கிறதாம். எனக்கே மறந்துவிட்டது, இந்த வக்கீல்களுக்குத்தான் எப்படியோ ஞாபகம் இருக்கிறது. ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் உன் கையெழுத்து, டெப்பி என்று இல்லை, நீலிமா சர்க்கார் என்று முழுசாக. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை.

இது முடிந்துவிட்டால் மனசு லேசாகிக் குதித்து வருவேன். 28ஆம் தேதி கொஞ்சம் சந்தேகம். அடுத்த மாதம் வைத்துக்கொள்ளேன். சோறு எங்கே ஓடிப்போகிறது?

ஆசிகளுடன்,
ராங்காதா


ஜல்பாய்குரி
11 ஜூலை 1985

ஸ்ரீ துர்க்கை துணை

பூஜைக்குரிய ராங்காதா,

நமஸ்காரங்கள். பௌதிக்கு முழங்காலில் தடவ இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். நாய்களுக்கும் நிகில் மாஸ்டருக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

28ஆம் தேதி வந்து போய்விட்டது. அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறாய். அடுத்தது ஆறாம் மாதம். இரட்டைப்படை மாதம் ஆண் பிள்ளைக்கு. பெண்ணுக்கு ஐந்து, இல்லையென்றால் ஏழு, இல்லையென்றால் ஒன்பது. இதை நான் உனக்குச் சொல்வது வேடிக்கைதான். நம் தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பஞ்சாங்கத்தோடு போய் உட்கார்ந்து நாள் சொல்கிறவனே நீதான். நீ ஒரு மாதம் தள்ளினால் எங்களுக்கு அது இரண்டு மாதம், ராங்காதா.

மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கும்படி: "அவ பொறந்த வீட்டுல அடுப்பு எரியுதா, அணைஞ்சு போச்சான்னு போய்ப் பாத்துட்டு வரணும்."

குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சன்யால், "ஆறு மாசம் ஆகறப்ப மசிச்ச சோறு, காய், மீன் எல்லாம் ஆரம்பிச்சுடுங்க. அதுக்கு மேல பால் மட்டும் பத்தாது. எதுக்காகக் காத்திருக்கீங்க?" என்றார். மாமனுக்காக என்றேன். அவரும் வங்காளிதான், சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

ஏழாம் மாதத்தில் நாள் பார்த்து எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

டெப்பி


கிருஷ்ணநகர்
3 ஆகஸ்ட் 1985

அன்புள்ள டெப்பிக்கு,

எல்லோருக்கும் ஆசிகள். தைலம் வந்தது. பௌதி முழங்காலில் தடவினாள், நான் வழுக்கையில் தடவினேன். இரண்டு இடத்திலும் ஒன்றும் முளைக்கவில்லை.

உன் கடிதத்தில் நான் அனுப்பிய காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தபால் ஆபீஸை இனிமேல் நம்ப முடியாது போலிருக்கிறது. தைலம் போகிறது, காகிதம் போகவில்லை. இன்னொரு பிரதி வைத்திருக்கிறேன். பென்சில் புள்ளியை இந்த முறை பெரிசாக வைத்திருக்கிறேன்.

நம் ஊர் கோயாரிப் பக்கத்துக் கல்யாணிதியை ஞாபகம் இருக்கிறதா? அவள் தன் அண்ணனுக்கு எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். இன்று வரை வருஷா வருஷம் அண்ணன் கூடை கூடையாக மாம்பழத்தோடு அவள் வாசலில் போய் நிற்கிறான். அவள் நாத்தனாரோ, பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். அந்த நாத்தனார் பெண் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் ஒரு தேங்காயை வைத்துச் சடங்கு நடத்தினார்கள். தேங்காய் நன்றாகவே நடந்துகொண்டதாம். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, ஊர் வம்பு எழுதினேன், அவ்வளவுதான்.

செப்டம்பரில் கட்டாயம் வருகிறேன். வீட்டு விஷயம் ஒரு கரை ஏறட்டும்.

ராங்காதா


ஜல்பாய்குரி
24 ஆகஸ்ட் 1985

ஸ்ரீ துர்க்கை துணை

பூஜைக்குரிய ராங்காதா,

நமஸ்காரங்கள். உங்கள் இருவர் உடம்பும் நலமென்று நம்புகிறேன். இங்கே இவருக்குச் சளி. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பால்தான் குறைந்துகொண்டே வருகிறது.

ஜும்ஜுமி உட்காரக் கற்றுக்கொண்டாள். நேற்று என் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளிவிட்டாள். வாய்க்குப் போவதற்குள் மாமியார் பாய்ந்து வந்து அவள் விரல்களைப் பிரித்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்தார். குழந்தை கத்தியதில் மாமியாருக்கே கண் கலங்கிவிட்டது. "நான் என்ன ராட்சசியா? மாமன் ஊட்டாத சோத்தத் தின்னா நாளைக்கு ஒண்ணு ஆனா, பழி யாரு மேல வரும்? உன் மேல, பௌமா" என்றார். டாக்டர் எடை பார்த்தார். போன மாதம் இருந்த இடத்திலேயே முள் நிற்கிறது.

செப்டம்பர் 18 நாள் குறித்தாயிற்று. பந்தல், சமையல்காரர், நூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

உன் காகிதம் இரண்டும் வந்தன. "என் முழு மகிழ்ச்சியுடன் விட்டுக்கொடுக்கிறேன்" என்று அதில் அச்சடித்திருக்கிறது. எனக்கு மகிழ்ச்சி வர வேண்டுமானால் நீ வர வேண்டும். பந்தலில் உட்கார். குழந்தைக்குப் பாயசம் ஊட்டு. கையைக் கழுவித் துடைத்துக்கொள். அந்தத் துண்டு ஈரம் காய்வதற்குள் கையெழுத்துப் போட்டுக் கையில் தருகிறேன். இவருக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை.

டெப்பி


கிருஷ்ணநகர்
5 செப்டம்பர் 1985

அன்புள்ள டெப்பிக்கு,

ஆசிகள். மாப்பிள்ளையை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்.

உன் கடிதத்தைப் படித்து நானும் பௌதியும் வெகுநேரம் சிரித்தோம். நம் டெப்பி எப்போது இவ்வளவு பெரிய வியாபாரி ஆனாள்? ஸாதுகானிடம் சொன்னேன், "என் தங்கச்சிய உன் கடையில கல்லாவுல உக்கார வை" என்று. முதலில் கையெழுத்து, பிறகு சோறு என்று நான் எப்போதாவது சொன்னேனா? அண்ணனைப் பற்றி இப்படி நினைக்க உனக்கு எப்படித் தோன்றியது என்றுதான் தெரியவில்லை.

ஸாதுகான் பூஜைக்குள் பத்திரம் முடியாவிட்டால் வேறு இடம் பார்க்கிறேன் என்கிறான். ஆகவே தபாலில் முன்னாலேயே வந்துவிட்டால் எனக்கு ரயிலில் நிம்மதியாகத் தூக்கம் வரும். தூக்கமில்லாத மாமன் கை நடுங்கும், பாயசம் குழந்தை மூக்கில் போகும். உனக்காகத்தான் சொல்கிறேன்.

ராங்காதா


(அஞ்சலட்டை)

கிருஷ்ணநகர்
14 செப்டம்பர் 1985

டெப்பிக்கு ஆசிகள். பௌதி கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிட்டு வர முடியாது. மன்னித்துக்கொள். காகிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பு, சாதாரணத் தபாலில் வேண்டாம். ராங்காதா.


ஜல்பாய்குரி
23 செப்டம்பர் 1985

ஸ்ரீ துர்க்கை துணை

பூஜைக்குரிய ராங்காதா,

நமஸ்காரங்கள். பௌதி எழுந்து நடமாடுகிறாளா?

உன் அட்டை 19ஆம் தேதிதான் கிடைத்தது. 18ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். ஜும்ஜுமிக்குச் சிவப்புப் பட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டுகள், தலையில் நெட்டியில் செய்த சோலாக் கிரீடம். இவர் விடியற்காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போனார். ரயில் வந்தது. அடுத்த ரயிலும் வந்தது. பகல் ஒரு மணிக்கு முகூர்த்தம் முடிந்தது.

தபால் ஆபீஸ் ஹரேன்பாபு நல்ல மனிதர். எழுந்து வந்து, "நான் உக்காரட்டுமா? டெப்பி எனக்கும் தங்கச்சி மாதிரிதான்" என்றார். மாமியார் விடவில்லை. "மாமன் இல்லாத பொண்ணுக்கு ஊர்ல யார் வேணா மாமன். இவளுக்குத்தான் குத்துக்கல்லாட்டம் ஒருத்தர் இருக்காரே" என்றார். அவர் சொன்னது தப்பில்லை.

நூறு பேருக்குச் சமைத்ததை என்ன செய்வது? இலை போட்டோம். நெய்ச் சோறு, வறுத்த பருப்பு, ருய் மீன் குழம்பு, தக்காளிச் சட்னி, பாயசம். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை மீன் கேட்டு வாங்கினார்கள். குழந்தையின் சோற்றுக்கு வந்தவர்களில் குழந்தையைத் தவிர எல்லோரும் சாப்பிட்டார்கள். கிரீடத்தோடு என் மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பந்தியின்போது அழக்கூட இல்லை, தூங்கிவிட்டாள். "பாவம், மாமனுக்கு என்ன கஷ்டமோ" என்று ஏப்பம் விட்டுக்கொண்டே போனார்கள்.

காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வைத்த புள்ளி மேலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பதாம் மாதத்தில் நவம்பர் 18. அன்றைக்கு வா. இந்த வீட்டில் எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று ஒரு மத்தியானமாவது தெரியட்டும்.

டெப்பி


கிருஷ்ணநகர்
27 அக்டோபர் 1985

அன்புள்ள டெப்பிக்கு,

விஜயதசமி ஆசிகள். மாப்பிள்ளைக்கு என் ஆலிங்கனம், உன் மாமியார் பாதங்களுக்கு நமஸ்காரம், சீமாட்டிக்கு நூறு முத்தம்.

உடனே பதில் எழுத முடியவில்லை. பத்திரப் பதிவு, பூஜை, பந்தல் வசூல் என்று கால் தரையில் படவில்லை. இந்த வருஷம் எங்கள் பந்தல் துர்க்கைக்கு மூக்கு கொஞ்சம் கோணல். செய்தவனைக் கேட்டால், "நிகில் மாஸ்டர் ஆர்மோனியத்தப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படிய்யா மூக்கு வைக்கறது?" என்கிறான்.

ஸாதுகான் முன்கட்டுக்கு நீலச் சுண்ணாம்பு அடித்துவிட்டான். பௌதி நன்றாக நடக்கிறாள். பூஜைக்கு ஏழு பந்தல் நடந்தே பார்த்தாள், கூடப் போன எனக்குத்தான் கால் வீங்கிவிட்டது.

நவம்பர் 18 வருகிறேன். இந்த முறை வராவிட்டால் என் பெயரைக் கறுப்பன் என்று மாற்றிக்கொள்கிறேன். வெள்ளிக் கிண்ணமும் வருகிறது.

ராங்காதா


கிருஷ்ணநகர்
2 டிசம்பர் 1985

அன்புள்ள டெப்பிக்கு,

எல்லோருக்கும் ஆசிகள். ஊர் வந்து சேர்ந்து பத்து நாளாகியும் உன் வீட்டு மீன் குழம்பு இன்னும் கையில் மணக்கிறது.

எப்படி இருந்தது என் நடிப்பு? வேட்டி மடிப்பு, தோளில் சால்வை, மடியில் மருமகள். உன் மாமியாரையே மூன்று தடவை சிரிக்க வைத்துவிட்டேன். அந்தச் சிவப்புக் கரைச் சேலைக் கிழவி, "இப்படி ஒரு அண்ணா கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நீ மட்டும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்? பந்தல் வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் முதல் வாயைத் துப்பும், அழும், மாமன் சட்டை பாழாகும் என்று பார்த்திருக்கிறேன். நம் ஜும்ஜுமியோ என் கை வருவதற்குள் வாயைத் திறந்தாள், மென்றாள், விழுங்கினாள், அடுத்த வாய்க்கு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நாலு வருஷம் விருந்து சாப்பிட்டுப் பழகியவள் மாதிரி. என் கை ராசி என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இல்லை, நம் வீட்டு ரத்தமா?

ஒரு சின்ன விஷயம். ஸாதுகான் மிட்டாய்க் கடை போட்டுவிட்டான், அடுப்புக்கு இடமில்லை என்கிறான். ரசகுல்லாவை வாசலில் வைத்தா கொதிக்க வைப்பான்? பின்கட்டையும் கேட்கிறான். இன்னொரு காகிதம் வைத்திருக்கிறேன். புள்ளி வைத்திருக்கிறேன். பௌதியும் நானும் மாடியில் ஒண்டிக்கொள்வோம்.

ராங்காதா


ஜல்பாய்குரி
15 டிசம்பர் 1985

ராங்காதா,

உன் கடிதம் வந்தது. உன் கடிதம் வந்தால் இந்த வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து நான் உரக்கப் படிப்பேன். "உன் அண்ணன் எழுதற மாதிரி யாரால எழுத முடியும்" என்று இவர் சொல்வார், எனக்குப் பெருமையாக இருக்கும். இதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

ஜும்ஜுமி எப்படி அவ்வளவு லாவகமாகச் சாப்பிட்டாள் என்று கேட்டிருந்தாய். உன் கை ராசியும் இல்லை, நம் ரத்தமும் இல்லை. பழக்கம்.

செப்டம்பரில் உன் காகிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறை வாசலில் உட்கார்ந்து, காலியான பால் கிண்ணத்தின் விளிம்பைச் சப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தாயிற்று, சரக்கை இவள் ஏன் இன்னும் இரண்டு மாதம் கழித்து வாங்க வேண்டும் என்றுதான் தோன்றியது. சோற்றைப் பிசைந்தேன், கொஞ்சம் மீன் சேர்த்தேன், ஒரு வாய் வைத்தேன். துப்பினாள். அடுத்த வாயை விழுங்கினாள்.

நிமிர்ந்தால் மாமியார் நிற்கிறார். அவர் குழந்தையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "முள்ளப் பாத்து எடு, பௌமா" என்றார். போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவரிடம் காகிதத்தைப் பற்றி அன்றுதான் சொன்னேன். தட்டிலிருந்த மீனை உதிர்த்து ஒரு முள்ளை எடுத்துப் போட்டார். அப்புறம், "நவம்பர்ல வரட்டும். ஊருக்கு முன்னால ஊட்டட்டும். உங்க அண்ணாவுக்கு இது தெரிய வேண்டாம். வீட்டக் குடுத்து வாங்கின மாமன், வீணாப் போகக் கூடாது" என்றார்.

நீ மூன்று தடவை அவரைச் சிரிக்க வைத்ததாக எழுதியிருக்கிறாய். எதற்குச் சிரித்தார் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இரண்டு மாதமாக அவரும் நானும் மாறி மாறி ஊட்டினோம். எடை முள் நகர்ந்தது, டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நீ வந்த அன்று காலையில்கூட ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டாள். அந்தப் பந்தலில் முதல் முறையாக ஊட்டியவன் நீ ஒருவன்தான். முதல் முறையாகச் சாப்பிட்டவர்கள் யாரும் இல்லை.

முன்கட்டுக்காக நான் வருத்தப்படவில்லை. பசித்த பிள்ளையை நடுவில் உட்கார வைத்துப் பேரம் பேசியதில் நானும் ஒரு கை, அதற்கு அது அபராதம் என்று வைத்துக்கொண்டேன். பின்கட்டில் என் பாதியை ஜும்ஜுமி பேருக்கு எழுதியாயிற்று. இவரே வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார். இனி என் கையெழுத்து உனக்குப் பயன்படாது. அவள் கையெழுத்துப் போடும் வயதுக்கு வந்ததும் எழுதிக் கேட்டுப் பார். நீ யார் என்று அவள் கேட்டால், கடிதத்திலேயே விவரமாக எழுது. நான் சொல்லி வைத்திருக்க மாட்டேன்.

நீ கொண்டுவந்த வெள்ளிக் கிண்ணத்தைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பௌதிக்கு என் நமஸ்காரம்.

நீலிமா சர்க்கார்